போன் இல்லாமல் ஒரு வாய்ச் சோறு

டிக்கோயாவிலிருந்து எழுதிய தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். மகளுக்கு நாலரை வயது. நீங்கள் ஹட்டன் டவுனில் கடை வேலைக்குப் போகிறீர்கள், பகலில் பிள்ளையை அப்பாயி பார்த்துக்கொள்கிறார். போனில் கார்ட்டூன் ஓடினால்தான் மகள் வாயைத் திறக்கிறாள். ஒரு தட்டுச் சோறு ஊட்டி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆகிறது. மரக்கறியை விரலால் ஒதுக்கிவிடுகிறாள், பிஸ்கட், நூடுல்ஸ் என்றால் ஓடி வருகிறாள். 'மைண்ட்ஃபுல் ஈட்டிங்' என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். கவனமாக, ருசியறிந்து, பசிக்கு அளவாகச் சாப்பிடும் அந்தப் பழக்கத்தை நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "போனை எடுத்துவிட்டால் பட்டினியாகப் படுத்துவிடுவாளோ என்று பயம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நான் டொக்டர் இல்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் 23 வருடம் வேலை செய்தவள். அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது விட்டுப்போகும் பிள்ளைகளை, கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயதுவரை, சாப்பாடு கொடுத்து, தூங்கவைத்து, நிறை பார்த்து வளர்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதற்கான பயிற்சியும் எடுத்திருக்கிறேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததில் சிலது காம்பராவில் அப்படியே பலித்தது, சிலது பலிக்கவில்லை. ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டது எது, நான் கைப்பழக்கத்தில் கண்டது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் கிளினிக் புத்தகத்தை எடுத்து மகளின் நிறைக் கோட்டை, அதாவது நிறை பார்த்தபோதெல்லாம் புள்ளி வைத்து இழுத்த கோட்டைப் பாருங்கள். அதைப் பார்க்கும் முன் வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். "எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்" என்ற ஆலோசனை, சாப்பாடு தட்டுப்பாடில்லாத நாடுகளில் பிறந்தது. நம் நிலைமை வேறு. 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இலங்கை முழுவதற்கும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் மட்டும் 100க்கு 32 பேர். அதனால் மகளின் கோடு மேலே ஏறாமல் இரண்டு மூன்று மாதம் படுத்துக்கிடந்தாலோ, கீழே இறங்கினாலோ, இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு மிட்வைஃபிடம் போங்கள். அடிக்கடி காய்ச்சல், கண்ணிமைக்குள் வெளுப்பு, மண்ணோ சுவரோ சுரண்டித் தின்பது, விழுங்கும்போது வலி, எதைக் கொடுத்தாலும் ஓங்கரிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான். அது பழக்கத்தால் சரியாகும் விஷயம் இல்லை, பார்த்து மருந்து எடுக்க வேண்டியது. பிள்ளை மெலிவாக இருந்தாலும் கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டே போகிறது என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

உங்கள் பயத்தைக் கொஞ்சம் குறைக்கக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறது, இது நிச்சயமானது. பிறந்த குழந்தை முதல் வருடத்தில் தன் நிறையைப் போல மூன்று மடங்காகிவிடும். இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவானால் பசியும் மெதுவாகத்தான் வரும். கைக்குழந்தையாக இருந்தபோது வெடுக்கென்று வாய் திறந்த பிள்ளை இப்போது நாலு வாயோடு முகத்தைத் திருப்புகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு அவ்வளவுதான் தேவை. ஒரு நேரம் கொறிக்கும், அடுத்த நேரம் பெரியவர் மாதிரிச் சாப்பிடும். ஒரு தட்டை வைத்துக் கணக்குப் பார்க்காமல் ஒரு வாரத்தை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பதார்த்தத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அதாவது உங்கள் மகளுக்கு நாலு கரண்டிச் சோறு, நாலு கரண்டிப் பருப்பு, அந்த மாதிரி. அது ஆரம்பத்தில் தட்டில் எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு கைமதிப்பு மட்டுமே. கேட்டால் இன்னும் போடலாம்.

எங்கள் காம்பராவுக்கு ஒரு பையன் வந்தான், மூன்று வயது இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டாவது வருடம். கரண்டியைக் கண்டாலே புறங்கையால் வாயை மூடிக்கொள்வான். அன்றைக்கு மாதக் கடைசி, நிறை பார்க்கும் நாள் கிட்டத்தில் இருந்தது, நிறை குறைந்தால் என்னைத்தான் கேட்பார்கள். இரண்டு கன்னத்தையும் அழுத்திப் பிடித்துக் கரண்டியை உள்ளே விட்டேன். அவன் அழவில்லை, துப்பவுமில்லை. சரி, சாப்பிட்டுவிட்டான் என்று பாயில் படுக்கவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தால், ஒரு பக்கக் கன்னம் புடைத்திருக்கிறது. சோற்றை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறான். மூச்சுக்குழாயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. விரலால் ஒவ்வொரு பருக்கையாக வெளியே எடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் நான் வாயைப் பிடித்து ஊட்டியதில்லை.

அவன் வாயை மூடியது, 'எனக்குப் போதும்' என்று சொல்லத்தான். பசி எடுப்பதும் போதும் என்று தோன்றுவதும் பிள்ளை பிறக்கும்போதே கொண்டுவரும் அறிவு. பால் குடித்த குழந்தை தானாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறதே, அதுதான். வளர வளர நாம் அதை மழுங்கடித்துவிடுகிறோம். 2000இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். மூன்றரை வயதுப் பிள்ளைகளுக்கும் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரே சாப்பாட்டை ஒரு நாள் கொஞ்சமாக, இன்னொரு நாள் அதிகமாகத் தட்டில் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சின்னவர்கள் எவ்வளவு வைத்தாலும் ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுக்காரர்களோ, தட்டில் அதிகம் இருந்தால் அதிகம் சாப்பிட்டார்கள். இரண்டு வருட இடைவெளிக்குள் வயிற்றைக் கேட்டுச் சாப்பிட்டது போய், கண்ணைக் கேட்டுச் சாப்பிடும் நிலை வந்துவிடுகிறது. உங்கள் மகள் அந்த இரண்டு வயதுக்கும் நடுவில் நிற்கிறாள்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். கண் கார்ட்டூனில் இருக்கும்போது வாய் திறப்பது பசியால் இல்லை, பழகிப்போன அசைவு. என்ன சாப்பிட்டாள் என்று கேட்டுப் பாருங்கள், அவளுக்குத் தெரியாது. ருசியும் பதியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. திரை பார்த்துக்கொண்டே சாப்பிடும் பிள்ளைகள் சிலர் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிடுகிறார்கள், சிலர் மெல்லாமல் வாயில் வைத்தபடியே இருக்கிறார்கள். நான் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன். இரண்டு வயது முதல் நாலு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் மொத்தமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், அதைவிடச் சின்னவர்களுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு வேளைச் சோறே அந்த ஒரு மணித்தியாலத்தைத் தின்றுவிடுகிறது.

எடுப்பது எப்படி? ஒரேயடியாக மூன்று வேளையும் எடுக்காதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பகல் சாப்பாட்டில் தொடங்குங்கள். எல்லோரும் பாயில் உட்காருங்கள், அப்பாயியும் சேர்ந்து. எல்லாருடைய போனும் அலமாரிக்கு மேலே போகட்டும், உங்களுடையதும்தான். நாம் நோண்டிக்கொண்டு அவளை மட்டும் தடுத்தால் எடுபடாது. டிவியையும் நிறுத்திவிடுங்கள். லயத்துக் காம்பராவில் சாப்பிடும் இடமும் டிவி இருக்கும் இடமும் ஒன்றுதான், அது எனக்குத் தெரியும். முகம் வாசல் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்தால் பாதி வேலை முடிந்தது. அவளுக்கென்று தனித் தட்டு, கொஞ்சமாகச் சோறு, அவளுக்குப் பிடித்தது ஏதாவது ஒன்று கட்டாயம். கையால் தானே சாப்பிடட்டும், சிந்தட்டும். 20, 25 நிமிடம் பாருங்கள். சாப்பிடவில்லை என்றால் திட்டாமல், கெஞ்சாமல், "சரி, வயிறு போதும்ங்குதா?" என்று கேட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த சாப்பாட்டு நேரம்வரை தண்ணீர் மட்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் தோற்றுப்போகிறோம். ஒரு மணித்தியாலத்தில் பிள்ளை சிணுங்கும், மனசு கேட்காமல் பிஸ்கட் பக்கட்டைப் பிரித்துவிடுவோம். சோறு வேண்டாம் என்றால் பிஸ்கட் வரும் என்று அவள் அன்றைக்கே படித்துக்கொள்வாள்.

அமெரிக்க உணவு நிபுணர் எலின் சாட்டர் 1980களில் இருந்து சொல்லிவரும் ஒரு பங்கீடு இருக்கிறது. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. நான் படித்ததிலேயே காம்பராவில் அதிகம் கைகொடுத்தது இதுதான். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்: என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாமே முடிவு செய்து திணிக்கிறோம். எத்தனை நாளில் பழகும் என்று கேட்டால், நான் பார்த்த அளவில் முதல் மூன்று நாலு நாள் கஷ்டம், அநேகம் பிள்ளைகள் ஒரு வாரம் பத்து நாளில் தட்டுக்கு வந்துவிட்டார்கள். இது என் காம்பராக் கணக்கு, சட்டம் இல்லை. ரொம்ப நாள் இழுத்த பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது இருந்தது, சொத்தைப் பல், வயிற்றுப் பூச்சித் தொல்லை, வீட்டில் புதுக் கைக்குழந்தை, அம்மா கொழும்புக்கு வேலைக்குப் போனது. நிறை ஒழுங்காக ஏறும் பிள்ளை, காய்ச்சல் இல்லாத பிள்ளை, ஒரு வேளை தானாகச் சாப்பிடாமல் எழும்பினால் ஒன்றும் ஆகாது. இதை நம்பிக்கையோடு சொல்கிறேன்.

அடுத்தது தேத்தண்ணி. நீங்கள் கேள்வியில் சொல்லாமல் விட்டது, ஆனால் நம் வீடுகளில் இல்லாமல் இருக்காது. காலையில் எழும்பியதும் பால் தேத்தண்ணி, பத்து மணிக்கு அப்பாயியோடு ஒன்று, நாலு மணிக்குப் பிஸ்கட்டைத் தோய்த்து இன்னொன்று. தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்த நமக்கு அது சாப்பாடாகவே தெரிவதில்லை. ஆனால் சீனி போட்ட இரண்டு கப் தேத்தண்ணியும் நாலு பிஸ்கட்டும் அந்தச் சின்ன வயிற்றில் ஒரு வேளைச் சோற்றின் இடத்தைப் பிடித்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம் இரும்புச் சத்து. பருப்பு, கீரை, கடலையில் இருக்கும் இரும்பைத் தேயிலையின் சாயம் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இதில் சந்தேகமே இல்லை, நன்றாக நிரூபித்த விஷயம். இரும்பு குறைந்தால் பிள்ளைக்குப் பசியும் மந்தமாகும், அதனால் இன்னும் சாப்பிடாது, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். உங்கள் மகள் வயதில் தேத்தண்ணியே வேண்டாம் என்றுதான் சொல்வேன். உடனே நிறுத்த முடியாது என்றால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் கொடுங்கள், சாயத்தையும் சீனியையும் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வாருங்கள். பருப்புச் சோற்றில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டாலோ, சாப்பிட்டதும் ஒரு துண்டு கொய்யாப்பழம் கொடுத்தாலோ அதே இரும்பு நன்றாகச் சேரும். மாவுப்பாலும் அளவோடுதான், ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் இருக்காது.

ஆனால் மலையில் குளிர். ஜூன், ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளை சூடாக ஏதாவது கேட்கத்தான் செய்யும், அது நியாயமான ஆசை. அந்த நேரத்துக்கு அவித்த பயறு, கடலை, சூடான மரவள்ளிக்கிழங்கு, அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணியில் கரட் போட்டு ஒரு சூப், இப்படி ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். கடலை அவித்தால் நன்றாக நசுங்கும் பதத்தில் நசுக்கிக் கொடுங்கள், வறுத்த கச்சானை முழுசாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும். கடைத் தின்பண்டத்தை முற்றாகத் தடை போடவும் சொல்ல மாட்டேன். கண்ணில் படும்படி மேலே வைத்துக்கொண்டு 'தொடாதே' என்றால் ஆசைதான் கூடும், அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் வாங்கி அடுக்காமல், கோயில் திருவிழா, டவுனுக்குப் போகும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூடுல்ஸ் வாரத்தில் ஒரு நாள், முட்டையும் போஞ்சியும் போட்டு, பக்கட்டுத் தூளைப் பாதியாகக் குறைத்து. அது போதும்.

மரக்கறிக்கு வந்தால், இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதுச் சாப்பாட்டைச் சந்தேகப்படுவது பிள்ளைகளின் இயல்பு. அது வம்பும் இல்லை, வளர்ப்புக் குற்றமும் இல்லை. ஒரு சாப்பாட்டை எட்டுத் தடவையிலிருந்து பதினைந்து தடவைவரை தட்டில் பார்த்து, மணந்து, நாக்கில் வைத்த பிறகுதான் பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். இதைப் பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. நாம் மூன்றாவது தடவையிலேயே "இவளுக்கு லீக்ஸ் பிடிக்காது" என்று அவள் காதுபடச் சொல்லிவிடுகிறோம். அவளும் அதையே பேராக வைத்துக்கொள்கிறாள். ஒரு விரற்கடை அளவு தட்டின் ஓரத்தில் வையுங்கள், சாப்பிடச் சொல்லாதீர்கள். "இதைச் சாப்பிட்டால் டொபி" என்ற ஒப்பந்தம் வேண்டவே வேண்டாம், டொபியின் மதிப்பு ஏறும், லீக்ஸின் மதிப்பு இறங்கும். காம்பராவுக்குப் பின்னால் ஒரு பழைய சாக்கில் போஞ்சி நட்டோம். கொடியில் காய் பிடித்த நாள், அதுவரை போஞ்சியைத் துப்பிய இரண்டு பிள்ளைகள் பறித்துக் கழுவி அவித்துத் தரச்சொல்லிக் காத்திருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் இல்லை, இரண்டு பேர். தோட்டம் போட்டால் மரக்கறி சாப்பிடுவார்கள் என்று பெரிதாகச் சொல்கிறார்கள், அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன், கொஞ்சம் உதவும்.

நீங்கள் படித்த கவனச் சாப்பாட்டைப் பற்றி இப்போது நேராகச் சொல்கிறேன். அதில் இதுவரை நடந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை பெரியவர்களைப் பற்றியவை. நாலு வயதுப் பிள்ளைக்குக் கண்ணை மூடவைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்லும் பயிற்சிகளால் நிறை கூடும், குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் சாப்பாட்டைப் பார்த்து, தொட்டு, மணந்து விளையாடவிடுவது புதுச் சாப்பாட்டுப் பயத்தைக் குறைக்கிறது, அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் காம்பராவில் பெஷன் புரூட் காலத்தில் ஒரு பழத்தை வட்டமாகக் கைமாற்றுவோம். முதலில் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்ப்பார்கள், உள்ளே சலசலக்கும். தோல் சுருங்கியதா, வழவழப்பா என்று தடவுவார்கள். வெட்டியதும் மணம் வந்து ஒருத்தர் மூக்கை ஒருத்தர் பார்ப்பார்கள். ஒவ்வொருவர் நாக்கிலும் ஒரு சொட்டு. புளிப்பில் கண்ணை இறுக்கி மூடும் பிள்ளை, அடுத்த நொடியே "இன்னொண்ணு" என்று கை நீட்டும். பத்து நிமிடம், ஒரு பழம், பன்னிரண்டு பிள்ளைகள். வீட்டில் கொய்யாவிலும் செய்யலாம், சூடான ரொட்டியிலும் செய்யலாம். சாப்பிட்டு முடித்ததும் வயிற்றில் கை வைத்து, "இன்னும் இடம் இருக்கா?" என்று கேட்டுப் பழக்குங்கள், அவள் சொல்லும் பதிலை மதியுங்கள். அந்தப் பெரிய பெயருக்கு நாலரை வயதில் இதுதான் அர்த்தம்.

கடைசியாக அப்பாயி. அவருக்கு அறுபது கடந்துவிட்டது, சொன்னால் கேட்க மாட்டார், ஊட்டாவிட்டால் பிள்ளை செத்துப்போகும் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரோடு சண்டை போடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1973, 74இல் அவருக்கு எட்டு, பத்து வயது. அரிசியும் மாவும் கூப்பனில் குறைந்து, தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்த காலம் அது. 1974இல் தோட்டப் பகுதியின் சாவு எண்ணிக்கை வெளிப்படையாக உயர்ந்தது. எங்கள் அம்மா அந்தக் காலத்தில் கிழங்கு தோண்டிய குழியை மறுபடியும் தோண்டியதைச் சொல்வார். அந்த வயதில் பசியைப் பார்த்தவர் கையில், பேத்தி மிச்சம் வைத்த தட்டு எப்படிக் கனக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் போனைக் கொடுத்து ஊட்டுவது சோம்பலால் இல்லை, பயத்தால். உங்கள் பயமும் அதுதானே. அதனால் அடுத்த கிளினிக் நாளில் அப்பாயியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோடு ஏறியிருப்பதை மிட்வைஃப் வாயால் அவர் கேட்கட்டும். ஊட்ட வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பதிலாக வேறு வேலை கொடுங்கள்: பேத்தியை மடியில் வைத்துக் கீரை ஆய்வது, ரொட்டி மாவில் ஒரு சின்ன உருண்டை பிடித்துத் தட்டக் கொடுப்பது, சாப்பிடும்போது கதை சொல்வது. முதல் ஒரு வாய் அப்பாயி கையால், மீதி அவள் கையால் என்று எங்கள் காம்பராவில் ஒரு பாட்டியோடு ஒப்பந்தம் செய்தோம், இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது.

இரண்டு கிழமை செய்து பாருங்கள். பிறகு கிளினிக் புத்தகத்தில் கடைசி மூன்று மாத நிறையையும், ஒரு நாளில் எத்தனை தேத்தண்ணி, எத்தனை மணிக்கு என்பதையும் எழுதி இங்கேயே போடுங்கள். அதைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்வது ஊகமாகத்தான் இருக்கும்.